சவுத்எண்டில் கடல் எங்கே? – இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களும் எங்கட சின்ன வயசும்

கேள்வி – 24 ஓகஸ்ட் 2024

என்னோடு வேலை செய்கிற ஆங்கிலேயர் ஐம்பது வயதைத் தாண்டினதும் ‘சின்ன வயசில் கடற்கரைக்குப் போனோம்’ என்று ஒரே உருக்கம். அப்படி என்னதான் இருக்கு என்று பார்க்கப் போன கிழமை சவுத்எண்ட் போனோம். தண்ணியைக் காணேல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் சேறு. காத்து. மகளின் கையில் இருந்த சிப்ஸைக் கடற்காகம் பறிச்சுக்கொண்டு போயிட்டுது. எங்கட யாழ்ப்பாணத்துக் கசூரினாக் கடற்கரையின் கால் தூசிக்கு வருமா? இங்கே வளர்ந்தவர்கள் விளக்குங்கோ. மனசறிஞ்சு பொய் சொல்லக்கூடாது.

24 ஓகஸ்ட், இரவு

நான் இங்கே வளர்ந்தவன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம். எண்பதுகளின் கடைசியில் வந்த குடும்பம். சவுத்எண்ட்தான் எங்களுக்கு வாய்த்த கடற்கரை. ஹொலிடே என்றால் விடியப் போய் இரவு வீட்டில் வந்து படுப்பது. ஹோட்டலில் தங்குவதெல்லாம் ரீவியில் பார்த்ததோடு சரி.

நீங்கள் போனது வத்து நேரம். அது முழுக் கடலும் இல்லை, தேம்ஸ் ஆறு வாய் அகன்று கடலோடு சேரும் இடம். தண்ணீர் இறங்கினால் ஒரு மைலுக்கு மேல் வெறும் சேறுதான். கசூரினாவோடு ஒப்பிட்டால் கசூரினாதான் வெல்லும், அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் அந்த ஆங்கிலேயர் உருகுவது கடலுக்காக என்று யார் சொன்னது? நாளைக்கு எழுதுகிறேன்.

25 ஓகஸ்ட்

மாமாவின் கதையைச் சொல்லாமல் இது விளங்காது.

மாமா வல்வெட்டித்துறை. அவரின் ஊரில் கட்டின ‘அன்னபூரணி’ கப்பல் பாய் விரித்து 1938இல் அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேர்ந்த கதையை யார் வீட்டுக்குப் போனாலும் ஒருக்காச் சொல்லாமல் எழும்பமாட்டார். அப்படிப்பட்ட மனிசனை ‘கடற்கரைக்குப் போறம்’ என்று கூட்டிக்கொண்டு போனோம். டிஸ்ட்ரிக்ட் லைனில் பார்க்கிங், அங்கே இறங்கி ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் இருந்து வரும் ரயில். அந்தப் பாதைக்குப் பேப்பர்காரர் வைத்த பட்டம் ‘மிசரி லைன்’. எங்கள் பெட்டிகளில் கதவின் உள்பக்கம் கைபிடியே இருக்காது. யன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப் பிடியைத் திருப்பித்தான் இறங்கவேண்டும். அந்தப் பதவிக்கு எனக்கும் மச்சானுக்கும் பார்க்கிங்கிலேயே சண்டை தொடங்கிவிடும். பென்ஃப்ளீட் தாண்டினதும் வலப்பக்கம் தண்ணீர் தெரியும், இடப்பக்கம் மேட்டில் ஹாட்லி கோட்டையின் இடிந்த கோபுரம்.

சவுத்எண்டில் இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்து போய், மேட்டில் நின்று மாமா கீழே பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

“இதுக்கோ கோச்சி ஏறி வந்தனாங்கள்? உழுதிட்டு நாத்து நடலாம் போல கிடக்கு.”

மாமி சிரித்த சிரிப்பில் பிளாஸ்க்கின் மூடி உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் அடுத்த ஆறு மணித்தியாலம் மாமா அந்தச் சேற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்கட ஊர்க் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கே பெரிய ஓதம் வந்தால் ஐந்து மீற்றருக்கு மேலே. இவ்வளவு தண்ணீர் இவ்வளவு தூரம் போய்த் திரும்பி வருவதை அந்தக் கடலோடி வாழ்க்கையில் முதல்தரம் பார்க்கிறார். பின்னேரம் சேற்றில் சரிந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. போகும்போது தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஓதப் பட்டியல் புத்தகம் ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகு எங்கள் பயணத் திகதி எல்லாம் மாமாவின் புத்தகப்படிதான். பெருக்கு ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் அளவு பிந்திப்போகும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்க முதலே தெரியும்.

25 ஓகஸ்ட், பிறகு

மேலே ஒருவர் ‘உலகத்திலேயே நீளமான பாலம்’ என்று எழுதியிருக்கிறார். பாலம் என்றால் மற்றப் பக்கம் ஒரு கரை வேண்டுமே. இது கடலுக்குள்ளே போய் நின்றுவிடும். பியர் என்றே சொல்லுவோம். உலகத்தின் மிக நீளமான உல்லாசப் பியர், அது சரி. 1.33 மைல்.

26 ஓகஸ்ட், பாங்க் ஹொலிடே

இன்றைக்கு லீவு, ஆறுதலாக எழுதலாம்.

பியர் ஏன் அவ்வளவு நீளம்? பெருமைக்காக என்று நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் சேறு. லண்டனிலிருந்து சனத்தை ஏற்றி வந்த நீராவிக் கப்பல்கள் வத்து நேரத்தில் கரைக்குக் கிட்ட வரமுடியாது. சேறு முடியும் இடம் வரைக்கும் நடைபாதை போட்டால்தான் கப்பலைக் கட்டி நிறுத்தலாம். 1830இல் மரத்தால் போட்டார்கள், நீளம் போதவில்லை. 1840களில் நீட்டினார்கள். இப்போது நிற்கும் இரும்புப் பியர் 1889இல் திறந்தது. அதன் மேலே ஓட ஒரு குட்டி ரயிலும் போட்டார்கள். தண்ணீர் சனத்திடம் வராது என்றபடியால் சனத்தைத் தண்ணீரிடம் அனுப்பும் ஏற்பாடு.

இதை வைத்து யோசித்தால் ஊர் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. 1856இல் லண்டன் ரயில் வந்து சேர்ந்தது. கிழக்கு லண்டன் துறைமுகத்திலும் ஃபக்டரிகளிலும் வேலை செய்தவன் ஒருநாள் லீவில் வருவான். 1871இல் ஜோன் லபொக் கொண்டுவந்த சட்டத்தால் ஓகஸ்டில் ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. சம்பளத்தோடு லீவு என்பதற்குச் சட்டம் வர 1938 ஆனது. கையில் இருப்பது ஒரே ஒரு நாள். அந்த நாளில் மழை பெய்தால்? தண்ணீர் ஒரு மைல் தள்ளிப் போயிருந்தால்? நாளைக்கு வா என்று கடல் சொல்லலாம், கடைக்காரன் சொல்லமுடியாது. அதனால்தான் ஆர்கேட் என்கிற காசு போட்டு விளையாடும் மெஷின் மண்டபம், கூரை போட்ட வாங்குகள், பாண்ட் வாசிக்க மேடை, மேட்டில் இருந்து இறங்க 1912இல் போட்ட லிஃப்ட், இரவுக்கு லைற் அலங்காரம், எல்லாம். கடல் கைவிட்ட நேரத்துக்கு என்று கட்டின ஊர் அது. கசூரினாவுக்கு இதொன்றும் தேவையில்லை. அங்கே கடல் எப்போதும் வீட்டில்தான் இருக்கும்.

28 ஓகஸ்ட்

ஆர்கேட் என்றால் காசு போட்டுக் காசு விழுத்தும் மெஷின் இருக்கும் இடமா என்று கேட்டவருக்கு. ஓம், அதேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் சில்லறைக் காசு அடுக்கடுக்காக விளிம்பில் தொங்கும். பின்னால் ஒரு தட்டு முன்னும் பின்னும் போகும். மேலே இருக்கும் ஓட்டைக்குள் 2 பென்ஸ் போட்டால் அது விழுந்து தள்ள, முன்னாலிருப்பவை கொட்டவேண்டும். கொட்டாது. கொட்டினாலும் பாதி பக்கத்தில் இருக்கும் இடுக்கால் இறங்கிப் போய்விடும், அது முதலாளியின் பங்கு.

அப்பா ஆளுக்கு ஒரு பவுணை 2 பென்ஸாக மாற்றி பிளாஸ்டிக் கிண்ணத்தில் தருவார். ஐம்பது காசு. கை முழுக்கச் செம்பு மணக்கும். அம்மா அந்தக் கையால் சாப்பிட விடமாட்டா, பொது பாத்ரூமில் இரண்டுதரம் கழுவவைப்பா. தங்கச்சி காசு போடுவதே இல்லை. மற்றவர்கள் வெறுத்துப்போய் விட்டுவிட்டுப் போகும் மெஷினைத் தேடி, கீழ்த்தட்டில் எடுக்காமல் விட்ட காசைத் தடவி எடுப்பாள். கிண்ணத்தில் கூடின காசோடு வெளியே வருபவள் அவள் ஒருத்திதான். இப்போது கணக்காளராக இருக்கிறாள், ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

31 ஓகஸ்ட்

சாப்பாடு. இந்த இழையில் ஏன் ஒருவரும் இன்னும் தொடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரக் குடும்பங்கள் காற்றுக்குத் துணித் தடுப்பு அடிப்பார்கள், கோடு போட்ட துணி, நாலைந்து தடி. நாங்களும் ஒன்று வாங்கினோம். காற்றுக்காக இல்லை, கோழிக்கறியை மறைக்க. அம்மா இடியப்பம், சம்பல், கறி எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து திறந்தால் பக்கத்து ஆட்கள் மூக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். பத்து வயதில் எனக்கு அந்த மணம் செத்துப்போகலாம் போன்ற வெட்கம். சிப்ஸ் வாங்கித் தா என்று அழுவேன். வினாகிரி ஊற்றின சிப்ஸ் பொதி, கீழே இருக்கும் துண்டுகள் ஊறிப்போய்த் தாளோடு ஒட்டியிருக்கும், அதுதான் எனக்கு நாகரிகம். ரொஸ்ஸி ஐஸ்கிரீமுக்கு மட்டும் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி.

மாமா மட்டியைக் கண்டுபிடித்தது இன்னொரு கதை. சவுத்எண்டுக்கு முதல் ஸ்ரேஷன்களில் ஒன்று லீ. பழைய லீயில் தண்ணீர்க் கரையோடு வரிசையாக மட்டிக் கொட்டில்கள். அவித்த மட்டியைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு வினாகிரியும் வெள்ளை மிளகும் தூவித் தருவார்கள், மரக்குச்சியால் குத்திச் சாப்பிடவேண்டும். மாமா ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். “நல்ல சாமானை நாசமாக்கிப்போட்டாங்கள்.” அடுத்த முறை பொக்கற்றில் சின்னப் போத்தலில் மிளகாய்த்தூளும் உப்பும், மாமியின் ஹாண்ட்பாக்கில் தேசிக்காய். வினாகிரி வேண்டாம் என்று சைகையால் சொல்லி வாங்கி, அங்கேயே வாங்கில் வைத்துப் பிசைந்தார். கொட்டில்காரர் வெளியே வந்து பார்த்தார். மாமா ஒரு குச்சியில் குத்தி நீட்டினார். அந்த ஆளும் வாங்கிச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னொன்று கேட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் தெரியாது, அரை மணித்தியாலம் கதைத்தார்கள்.

3 செப்டெம்பர்

‘மிட்டாய்த் தடியின் உள்ளே எழுத்து எப்படி வருகிறது, அச்சா’ என்று கேட்டவருக்கு: அச்சு இல்லை. ராக் என்ற அந்தத் தடியை எங்கே உடைத்தாலும் ஊரின் பெயர் வட்டமாகத் தெரியும். சீனிப் பாகைக் காய்ச்சி இரும்பு மேசையில் ஊற்றி, ஒரு பங்கை இழுத்து இழுத்து வெள்ளையாக்குவார்கள். நிறப் பாகையும் வெள்ளைப் பாகையும் நீள நீளப் பட்டிகளாக அடுக்கி எழுத்து ஒவ்வொன்றையும் கட்டுவார்கள். சதுரமான எழுத்துகள் முதலில், வட்டமானவை கடைசியில், ஏனென்றால் வட்டம் சூட்டில் சப்பையாகிவிடும். எல்லாவற்றையும் வெள்ளை நடுவைச் சுற்றி நிறுத்தி, வெளியே சிவப்புத் தோலைப் போர்த்தினால் தூக்கமுடியாத பெரிய கட்டை ஒன்று வரும். அதை உருட்டி இழுக்க இழுக்க மெலிந்து நீளும், எழுத்தும் கூடவே சிறுக்கும். மணம் புதினா. பல்லுக்குக் கூடாது என்று அம்மா ஒன்றை வாங்கி மூன்றாக உடைத்துத் தருவா. தங்கச்சிக்குக் கிடைக்கும் துண்டில்தான் எழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

8 செப்டெம்பர்

இதை எழுதலாமோ என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன்.

1986இலிருந்து 2012 வரை சவுத்எண்டில் ஒவ்வொரு வருஷமும் விமானக் கண்காட்சி நடந்தது. மே மாதக் கடைசி பாங்க் ஹொலிடே. இலவசம், கரை முழுக்கச் சனம். எங்களுக்கு ரெட் அரோஸ் விமானங்கள் சிவப்பு வெள்ளை நீலப் புகை விடுவதைப் பார்க்கவேண்டும். அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஆளைச் சாய்வு நாற்காலியில் இருத்தி, கம்பளியும் போர்த்திவிட்டோம்.

முதல் ஜெற் தாழப் பறந்து வந்தது. சத்தம் பின்னால்தான் வரும், உங்களுக்குத் தெரியும். நான் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து அம்மம்மா என் ஷேர்ட்டைப் பிடித்து இழுத்து மண்ணில் விழுத்தி மேலே கிடக்கிறா. “பொம்மர், பொம்மர், வாயைத் திறந்து வைச்சிரு.” குண்டு விழும்போது காதுச்சவ்வு கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைக்கவேண்டுமாம். சுற்றி எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் வாயெல்லாம் மண்.

பக்கத்துத் தடுப்புக்குள் இருந்த ஒரு கிழவி ஓடிவந்து அம்மம்மாவைத் தூக்கி இருத்தித் தேத்தண்ணி கொடுத்தா. அப்பா விஷயத்தை விளங்கப்படுத்தினார். அந்தக் கிழவி தலையாட்டிவிட்டு, தானும் ஈஸ்ட்ஹாமில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குண்டு விழுந்த வீட்டிலிருந்து எடுத்த பிள்ளைதான் என்றா. மற்ற விமானங்கள் முடியும் வரைக்கும் இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி இருந்தார்கள்.

9 செப்டெம்பர்

தனிமடலில் கேட்டவர்களுக்கு: இல்லை, அம்மம்மா பிறகு கண்காட்சிக்கு வரவில்லை. மற்ற நாட்களில் வருவா. கழுதைச் சவாரி பார்க்க நல்ல விருப்பம். ‘இந்தக் கழுதைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறாங்கள், இப்படி மினுங்குது’ என்று சொத்தி ஆங்கிலத்தில் விசாரணை வேறு.

15 செப்டெம்பர்

‘நீங்கள் சொல்வதெல்லாம் சவுத்எண்டின் பொற்காலம் போல’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறது. நாங்கள் போன காலத்தில் சவுத்எண்ட் செத்துப்போய்விட்டது என்பதுதான் ஊரறிந்த பேச்சு.

பட்டியலைப் பாருங்கள். சனம் மலிவு விமானத்தில் ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கிவிட்டது. 1901இல் திறந்த குர்சாலின் பெரிய கேளிக்கைப் பூங்கா 1973இல் மூடியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த குர்சால் பலகை அடித்த ஒரு கோபுரக் கட்டடம், அவ்வளவுதான். 1976இல் பியரின் கடல் முனை எரிந்தது. 1978இல் பியர் ரயில் நின்றது. 1986 மேயில் இளவரசி ஆன் வந்து புது ரயிலைத் திறந்து வைத்து இரண்டு மாதம் முடியவில்லை, யூன் 30இல் கிங்ஸ்அபி என்ற கப்பல் பியரை ஊடறுத்துக்கொண்டு போய்விட்டது. உலகத்திலேயே நீளமான பியர், கண்ணில் படவில்லையாம். 1995இல் கரைப்பக்கத்து பௌலிங் மண்டபம் எரிந்தது. 2005இல் மறுபடி கடல் முனை. சாத்திரம் பார்த்திருந்தால் ஏதும் தோஷம் சொல்லியிருப்பார்கள்.

வயதான ஆங்கிலேயர் அந்த நாட்களில் வாங்கில் இருந்து அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக் கவலைப்படுவார்கள். அப்பா மரியாதைக்குத் தலையாட்டுவார். ஆனால் அவர்கள் கைவிட்டபடியால்தானே எங்களுக்குக் கிடைத்தது? சனம் நிறைந்து வழிந்த காலமாக இருந்தால் எங்கட சம்பளத்துக்கும் நிறத்துக்கும் அங்கே எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. நாங்கள் போன காலத்திலேயே கடைத்தெருவில் மொட்டைத்தலைப் பெடியள் எங்களைப் பார்த்துக் கத்தினதும், அப்பா ‘திரும்பிப் பாராமல் நட’ என்றதும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். மனசறிஞ்சு பொய் சொல்லக்கூடாது என்று கேட்டவரே சொல்லியிருக்கிறார்.

22 செப்டெம்பர்

தங்கச்சி இந்த இழையை வாசித்துவிட்டு போன் எடுத்துச் சண்டை. ‘கடல் கைவிட்ட நேரத்துக்குக் கட்டின ஊர்’ என்று நான் எழுதினது ஆம்பிளையளின் கதையாம். நானும் மச்சானும் ஆர்கேட்டுக்குள் அடைந்து கிடக்க, அவளும் மாமியும் அம்மாவும் சேற்றில் நின்றார்களாம், தண்ணீர் வரும்வரைக்கும்.

அவள் சொல்வது: வெயில் நாளில் சேறு காலையிலிருந்து சூடாகிக் கிடக்கும். பின்னேரம் தண்ணீர் அதன் மேலே மெல்லியதாகப் படர்ந்து வரும்போது வெதுவெதுப்பாக இருக்கும். அலை கிடையாது, சத்தம் கிடையாது. முதலில் சேற்றில் இருக்கும் சின்னக் கால்வாய்கள் நிரம்பும், பிறகு கணுக்கால். மாமி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கொண்டு நிற்பா. ஊரில் மாமிக்குக் கடலில் இறங்க ஒருநாளும் விட்டதில்லையாம், கடலோடிகளின் வீட்டுப் பெண்ணாக இருந்தும்கூட. இங்கே கேட்க ஆளில்லை. மாமா பியரில் தூண்டிலோடு நிற்பார்.

இது எனக்குப் புதுசு. மாமியை அப்படி நான் பார்த்ததே இல்லை. இப்போது யோசித்தால், ஆர்கேட்டும் பியரும் பற்றி நான் சொன்னது லண்டன் தொழிலாளிக்குச் சரி, மாமிக்குச் சரிவராது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6 ஒக்டோபர்

போன சனி பிள்ளைகளோடு போய்வந்தேன். இழை செய்த வேலை.

2022 மார்ச்சிலிருந்து அது நகரமாம். கொலைசெய்யப்பட்ட எம்பி டேவிட் அமெஸ் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்த பட்டம், அவர் போனபிறகு கிடைத்தது. எதிர்க்கரையில் கிரேய்ன் மின்நிலையத்தின் பெரிய புகைபோக்கியை 2016இல் விழுத்திவிட்டார்கள். அதைத்தான் சின்ன வயசில் ‘ஃபிரான்ஸ்’ என்று மச்சான் எனக்குக் காட்டித் தந்தவன். ஷீர்னஸ் பக்கம் தண்ணீருக்கு மேலே மூன்று பாய்மரம் நிற்கிறது, பைனாகுலர் இருந்தால் தெரியும். 1944இல் தரைதட்டின ரிச்சர்ட் மொன்ட்கொமரி என்ற அமெரிக்கக் கப்பல், உள்ளே இன்னும் 1,400 தொன் அளவு வெடிபொருள். மகனுக்கு ஆர்கேட்டை விட அதில்தான் அக்கறை. ‘வெடிக்குமா, எப்ப வெடிக்கும்’ என்று வீடு வரும்வரைக்கும் கேள்வி.

பியரில் போக நடை, வர ரயில், அப்பாவின் சட்டம். பலகை இடுக்கால் கீழே பார்த்துக்கொண்டே நடந்தோம். முதலில் கல், பிறகு சேறு, பிறகு நண்டு ஓடும் குட்டை, கடைசியில் பச்சைத் தண்ணீர். மகளின் பத்துப் பென்ஸ் இடுக்கால் விழுந்துவிட்டது. எனக்கும் ஒருகாலத்தில் விழுந்தது. அந்த இடுக்குகளுக்குக் கீழே ஈஸ்ட்ஹாம் சனத்தின் சொத்து எவ்வளவு கிடக்குதோ.

7 ஒக்டோபர்

முதலில் கேள்வி கேட்டவர் ‘சரி, பள்ளி லீவுக்கு மறுபடி போய்ப் பார்க்கிறோம்’ என்கிறார். போங்கோ. ஓதப் பட்டியலைப் பார்த்து, பெருக்குக்கு மூன்று மணித்தியாலம் முதல் போய்ச் சேருங்கோ, அப்போதுதான் தண்ணீர் வருவதையே பார்க்கலாம். காற்று கடுமை என்றால் பியரை மூடிவிடுவார்கள், புறப்பட முதல் விசாரியுங்கோ. அட்வெஞ்சர் ஐலண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு அம்மம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போவதென்றால், வாசலில் காசு உண்டோ என்று முதலே விசாரியுங்கோ. வரும் வழியில் லீயில் இறங்குங்கோ. மட்டிக்கு வினாகிரி வேண்டாம் என்று முதலே சொல்லுங்கோ, இல்லாவிட்டால் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். தேசிக்காய் நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும். சிப்ஸ் வாங்கினால் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று சாப்பிடுங்கோ, கடற்காகம் பின்னாலிருந்துதான் வரும்.